காம்பில் எழுதியது

பிறந்த வருடம் தெரியாது என்றால்
மென்பொருள் ஏற்றுக்கொள்வதில்லை.
கட்டத்தை நிரப்பு, நிரப்பு என்று சிவக்கிறது.
ஒன்று என்று போட்டேன்.
ஹிசாமுனே என்கிற அந்த வாள்கொல்லனுக்கு
உடனே இரண்டாயிரத்துச் சொச்சம் வயதாகிவிட்டது.
பிறகு திருத்தலாம் என்றாள் ஹபீபா.
அவளுக்குப் படங்கள் ஏறினால் போதும்.

படங்கள் ஏற
மூக்கையூர்த் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்வரை போகவேண்டும்.
சிக்னல் நான்கு கோடு காட்டுவது அங்கேதான்.
ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து
உலை, துருத்தி, சம்மட்டி
ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேரும்வரை காத்திருப்போம்.
வலை பிரிக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.
வாளின் நுனி திரையில் பாதி வந்திருக்கும்.
முரல் என்பார் ஒருவர்.
முரலுக்கு ஏது இவ்வளவு நீளம் என்பார் இன்னொருவர்.

பதினோரு பாடம், ஏழாம் வகுப்புக்கு.
முதல் பாடம் மணல்.
இரும்பை மணலிலிருந்து அரித்தெடுத்தார்கள் என்று
வெறுமனே எழுதினால் யார் நம்புவார்?
பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றி
சாயல்குடித் தேரியில் இழுத்துப் படம் பிடித்தோம்.
செம்மண்ணிலிருந்து எழுந்து
கறுப்பாய் மயிர் முளைத்தது காந்தத்துக்கு.
ஹபீபா போட்ட கூச்சல்
அந்தக் காணொளியில் அப்படியே இருக்கிறது.

நான்காம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.
களிமண் பூசி, காய்ச்சி, நீரில் முக்கும்போது
விளிம்போரம் விழுகிற வெளிறிய கோடு.
அதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது.
அலைவரி என்று எழுதினேன், அழித்தேன்.
நுரைவரம்பு. அதையும் அழித்தேன்.
கமுதியில் ஒரு பட்டறைக்குப் போன் போட்டேன்.
"தோய்ச்சல் நின்ன எடம்னு சொல்லுவோம்" என்றவர்
சட்டென்று,
"எதுக்கும்மா கேக்குறீங்க?"
பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.
எங்கள் பக்கத்தில் அரிவாளைப் பற்றி விசாரிப்பவர்
ஒன்று போலீஸ்,
இல்லையென்றால் பகையாளி.

ஒன்பதாம் பாடத்தில் கைப்பிடியைக் கழற்றுகிறோம்.
ஒரே ஒரு மூங்கில் ஆணி. தட்டினால் வந்துவிடும்.
உள்ளே காம்பு, கருந்துரு.
தேய்க்கக் கூடாது, வயதுக்கு அதுதான் சாட்சி.
(வாலிநோக்கத்து உப்புக்காற்றில்
என் சைக்கிளுக்கு மூன்றே வருடத்தில் அந்த வயது.)
ஒரு பக்கம் ஹிசாமுனேயின் பேர், உளியால்.
மறுபக்கம் தங்கத்தில், வேறொரு கை:
இரண்டு உடல், ஒரே வீச்சு.

தலை வெட்டப்பட்ட கைதிகளை
மண்மேட்டில் ஒருவர்மேல் ஒருவராய்க் கிடத்திக்
கூர் பார்த்திருக்கிறார்கள்.
வெட்டியவன் பேர் இருக்கிறது.
நாள் இருக்கிறது, மாதம் இருக்கிறது.
அடுக்கப்பட்ட இருவருக்கும் எதுவும் இல்லை.

மதுரையிலிருந்து மின்னஞ்சல்:
பிள்ளைகளுக்கு இது எதற்கு,
எஃகின் அடுக்குகளோடு முடித்துக்கொள்ளுங்கள்.
ஹபீபாவும் சொன்னாள்,
இத்தனை அழகாய் வந்திருக்கு, கெடுக்காதே.
அவள் வரைந்த அடுக்குகள் அழகுதான்,
மறுக்கவில்லை.

ஏழாம் வகுப்பு சி பிரிவில்
இரண்டாம் பெஞ்சில் உட்காரும் பையனின் அம்மா
வாய்தா தோறும் பரமக்குடிக்குப் பஸ் ஏறுகிறாள்.
அதே பஸ்ஸில், பின்சீட்டில்,
கூண்டில் நிற்கப்போகிறவரின் மனைவி.
அவள் மகளுக்கு நான்காம் பெஞ்சு.
இவர்களுக்கா தெரியாது
இரும்பு எதற்கு என்று?

பாடத்தில் வரும் மனிதர்களின் பட்டியலில்
இரண்டு வரிசை கூட்டினேன்.
பெயர்: தெரியாது.
பெயர்: தெரியாது.
பிறந்த வருடம் கேட்டுச் சிவந்தது.
இந்த முறை ஒன்று போட மனம் வரவில்லை.
சுழியம் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை.
கோடு, புள்ளி, வெற்றிடம்,
எதையும் ஏற்கவில்லை.

ஹபீபா கைபேசி வெளிச்சத்தில்
மென்பொருள்காரனுக்குச் செய்தி அடித்துக்கொண்டிருக்கிறாள்.
நண்டுப் படகுகள் திரும்புகின்றன.
"அக்கா, பெட்டி வேணும்" என்கிறான் ஐஸ்காரப் பையன்.
திரை இன்னும் சிவப்பாய்த்தான் இருக்கிறது.
மடியில் வாங்கிக்கொண்டு
ஈரச் சுவரில் உட்கார்கிறேன்.